ஜிம்னியை 40 மி.மீ. தூக்கி 29 இஞ்ச் டயர் போடுவது எப்படி

லிஃப்ட் என்றதும் வண்டியின் உயரம்தான் எல்லோர் மனதிலும் வருகிறது. மாருதி சுசூகி ஜிம்னியைப் போல முன்னும் பின்னும் முழு ஆக்சில் (இரு பக்க வீலையும் இணைக்கும் ஒரே கெட்டித் தண்டு) உள்ள வண்டியில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் ஆக்சில் ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. கல்லில் முதலில் இடிப்பது டிஃபரன்ஷியல் குண்டு, அதாவது ஆக்சிலில் புடைத்து நிற்கும் கியர் கூடு. அதைத் தூக்குவது டயர் மட்டுமே. அந்த டயர் மட்கார்டில் உரசாமல் மேலும் கீழும் ஆட இடம் கொடுப்பதுதான் ஸ்பிரிங்கின் வேலை. எனவே எந்த டயர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். லிஃப்ட் எவ்வளவு என்பது அதிலிருந்து தானாக வந்துவிடும்.

இங்கே சொல்வது 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 5 கதவு ஜிம்னிக்கு. இதன் வீல்பேஸ் 2590 மி.மீ.; 3 கதவு வண்டியைவிட 340 மி.மீ. நீளம். இந்த நீளத்தால் மேட்டின் உச்சியில் வயிறு தட்டும் பழக்கம் இதற்கு அதிகம். ஸ்பிரிங் லிஃப்டால் நேரடியாகக் கிடைக்கும் பெரிய லாபமும் வயிற்றுக்குத்தான்.

கணக்கு

கம்பெனி டயர் 195/80 ஆர்15. பக்கச்சுவர் 195-இல் 80 சதவீதம், அதாவது 156 மி.மீ. இருபுறமும் சேர்த்து 312. ரிம் 15 இஞ்ச், அதாவது 381. மொத்த விட்டம் 693 மி.மீ. இதே கணக்கில் 215/75 ஆர்15 டயர் 703.5 மி.மீ. வரும்; 235/75 ஆர்15 டயர் 733.5 மி.மீ. வரும். கடைசியில் சொன்னதைத்தான் 29 இஞ்ச் டயர் என்கிறார்கள்.

விட்டம் 40 மி.மீ. கூடினால் ஆக்சில் உயர்வது அதில் பாதி, 20 மி.மீ. மட்டுமே. கம்பெனி சொல்லும் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் 230 ஆகும். 40 மி.மீ. ஸ்பிரிங்கும் சேர்ந்தால் வயிறும் சேஸியும் 60 மி.மீ. உயரும். கேட்க இது குறைவாகத் தெரியலாம். காட்டுப்பாதையில் தட்டுவதற்கும் தட்டாமல் போவதற்கும் இந்த 20-உம் 60-உம் போதும்.

215/75 டயருக்கு லிஃப்ட் எதுவும் வேண்டாம், கம்பெனி ரிம்மிலேயே உட்காரும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும் என்பது எங்கள் துணிபு. 235/75-க்கு 40 மி.மீ. லிஃப்ட் சரியான அளவு. 50-ஐத் தாண்டினால் ஒன்றைத் தொட்டால் ஒன்பது மாற்ற வேண்டிவரும்: இரண்டு பனார்ட் ராடுகள் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பவை), இன்னும் நீளமான பிரேக் ஹோஸ், கூடுதல் காஸ்டர் திருத்தம் (காஸ்டர் என்பது முன் வீல் திரும்பும் அச்சின் பின்சாய்வு), ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் என்று பட்டியல் நீளும். 31 இஞ்ச் டயருக்கு ஆசைப்படுபவர்கள் கியர் விகிதத்தையும் மாற்ற வேண்டும். அது வேறு வேலை, வேறு செலவு.

சட்டம்

வண்டியை அவிழ்ப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ(4) பிரிவின்கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நடந்தால், அறிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கோரிக்கை மறுக்கப்படலாம். வாரண்டியும் சிக்கலாகும். பொதுச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு 195/80 அளவிலேயே நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போடுவது பாதுகாப்பான வழி. மற்றவை தனியார் தோட்டம், எஸ்டேட், போட்டித்தளம் ஆகியவற்றில் ஓடும் வண்டிகளுக்கு.

ரிம்மும் ஆஃப்செட்டும்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். கம்பெனி ரிம்மின் அகலம் 5.5ஜே (5.5 இஞ்ச்), ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்பது) +5 மி.மீ., பி.சி.டி. (ஐந்து ஸ்டட்டும் அமையும் வட்டத்தின் விட்டம்) 5x139.7, நடுத்துளை 108 மி.மீ. 235/75 டயருக்கு ரிம் அகலம் குறைந்தது 6ஜே வேண்டும். 5.5-இல் போட்டால் டயர் பலூன் போல நடுவில் உப்பும், நடு ட்ரெட் மட்டும் தேயும், வளைவில் பக்கச்சுவர் சாயும். டயர் கடையில் ‘ஏறிடும் சார்’ என்பார்கள். ஏறுவது உண்மைதான், பொருந்தாது என்பதும் உண்மைதான்.

அடுத்து ஆஃப்செட். வீல் பொருந்தும் முகத்திலிருந்து டயர் உள்பக்கம் எவ்வளவு போகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: டயர் அகலத்தில் பாதியுடன் ஆஃப்செட்டைக் கூட்டுங்கள். கம்பெனி டயருக்கு 97.5 + 5 = 102.5 மி.மீ. 235 டயரை அதே +5 ஆஃப்செட்டில் போட்டால் 117.5 + 5 = 122.5, உள்பக்கம் 20 மி.மீ. கூடுதல். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயரின் தோள் முன் ரேடியஸ் ஆர்மில் (முன் ஆக்சிலைச் சேஸியோடு இணைக்கும் நீண்ட கை) உரசுவது இதனால்தான். ஆஃப்செட் -15 ஆனால் 117.5 - 15 = 102.5, கம்பெனி அளவே. ஆனால் வெளிப்பக்கம் 40 மி.மீ. நீளும். டயர் மட்கார்டைத் தாண்டும், சேறு கதவில் அடிக்கும், வீல் பேரிங்கில் நெம்புகோல் விசை கூடும். நடுவழி: 6ஜே அல்லது 6.5ஜே ரிம், ஆஃப்செட் 0 முதல் -10 வரை. மீதி உரசலை ஸ்டீயரிங் ஸ்டாப்பர் போல்ட்டை ஓரிரு சுற்று வெளியே எடுத்துச் சரிசெய்யலாம். திரும்பும் வட்டம் சற்றுப் பெரிதாகும்.

வீல் ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் வளையம்) போட்டே தீர வேண்டும் என்றால், 108 மி.மீ. ஹப்பில் கச்சிதமாக உட்காரும், தனி ஸ்டட் உள்ள ஸ்பேசர் மட்டும் வாங்குங்கள். வெறும் தட்டுபோல நடுவில் நுழைக்கும் ஸ்பேசர் வேண்டவே வேண்டாம். நட் பிடிக்க மிஞ்சும் மரை சில சுற்றுதான். அந்தச் சில சுற்றை நம்பி வண்டி ஓட்ட முடியாது.

ஐந்து டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஸ்டெப்னியையும் சேர்த்து. ஜிம்னியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச்-இல் (நான்கு வீலும் இழுக்கும் நிலை) முன்னும் பின்னும் வேறு வேறு விட்டம் சுற்றினால் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறி, லிவர் இறுகி, கியர் தேயும்.

என்னென்ன வாங்க வேண்டும்

முன் ஸ்பிரிங் இரண்டு, பின் ஸ்பிரிங் இரண்டு. கிட் 5 கதவு வண்டிக்கானது என்று எழுதியிருக்க வேண்டும். 3 கதவுக்கான பின் ஸ்பிரிங்கை இதில் போட்டால், பின்னால் இரண்டு பேரும் சாமானும் ஏறியதும் வண்டி கம்பெனி உயரத்துக்கே உட்கார்ந்துவிடும். ஏற்றப்போகும் எடையைச் சொல்லி வாங்குங்கள். எப்போதும் இருக்கும் சுமைக்கு ஏற்ற ஸ்பிரிங் வேண்டும். என்றாவது ஏறும் சுமைக்காகக் கெட்டியான ஸ்பிரிங் வாங்கினால் மற்ற நாளெல்லாம் வண்டி குதிக்கும்.

அதே கிட்டின் நீளமான ஷாக் நான்கு. பழைய ஸ்பிரிங்கின் அடியில் ரப்பர் வட்டு வைத்து உயர்த்தும் மலிவு வழியில் ஷாக் பழையதாகவே இருக்கும். உடல் 40 மி.மீ. மேலே போனதும் ஷாக் அந்த 40-ஐ விரிந்தே நிற்கும். வீல் கீழே தொங்குவதற்கு மிச்சம் இருப்பது அவ்வளவு குறையும். பள்ளத்தில் வீல் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அப்படி உயர்ந்த வண்டி காட்டில் கம்பெனி வண்டியைவிட மோசம்.

இவை தவிர 20 முதல் 25 மி.மீ. பம்ப் ஸ்டாப் (ஆக்சில் ஓர் எல்லைக்கு மேலே வராமல் தடுக்கும் ரப்பர்) நீட்டிப்பு, முன் காஸ்டர் திருத்தும் ஆஃப்செட் புஷ், பிரேக் ஹோஸைக் கீழிறக்கும் பிராக்கெட் அல்லது நீளமான ஹோஸ் தேவை. முன் பனார்ட் ராடு நீளம் மாற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. 40 மி.மீ.-க்குப் பின் பனார்ட் ராடைக் கம்பெனியுடையதாகவே விடலாம்.

பம்ப் ஸ்டாப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டயரின் ஆரம் 20 மி.மீ. கூடியிருக்கிறது. ஆக்சில் மேலே வரும் எல்லையையும் அதே 20 குறைக்காவிட்டால், பெரிய பள்ளத்தில் விழுந்து எழும்போது டயர் மட்கார்டின் உதட்டைக் கிழிக்கும். நீளமான ஷாக் சுருங்கிய நிலையிலும் பழையதைவிட நீளம். ஸ்டாப்பர் முந்திக்கொள்ளாவிட்டால் ஷாக்கே ஸ்டாப்பராகி, உள்ளிருக்கும் வால்வு நொறுங்கும்.

கருவிகள்: 3 டன் ட்ராலி ஜாக்கி, உயரமான ஜாக் ஸ்டாண்ட் நான்கு, 12 முதல் 19 மி.மீ. வரை பாக்ஸ் ஸ்பேனர்கள், டார்க் ரென்ச், ஒரு சின்னக் கடப்பாரை, தூக்குக்குண்டு, டேப், சாக்பீஸ். ஆள் இரண்டு. ஒரு முழு நாள். துரு ஏறிய போல்ட்டுகளுக்கு முந்தின இரவே ஊடுருவும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

அவிழ்ப்பதற்கு முன்

முதலில் வீல் அலைன்மென்ட் கடைக்குப் போய்த் தற்போதைய காஸ்டர், டோ (முன் வீல்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது) அளவுகளை அச்செடுத்து வாங்குங்கள். லிஃப்டுக்குப் பிறகு எவ்வளவு மாறியது என்று ஒப்பிட இந்தத் தாள்தான் ஆதாரம்.

பிறகு சமதரையில் வண்டியை நிறுத்தி, நான்கு வீலிலும் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு உதடு வரை உள்ள உயரத்தை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். காற்றழுத்தமும் டயரும் மாறினால் அந்த அளவு பயனற்றது.

மூன்றாவது அளவுக்குத் தூக்குக்குண்டு. மட்கார்டு உதட்டின் நடுவில் நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளக்கவும். ஆக்சில் பக்கவாட்டில் நகர்ந்ததா என்பதை இது காட்டும். புதிய வீல் மட்கார்டுக்கு வெளியே வந்துவிட்டால் நூல் டயரில் சாய்ந்துவிடும். எனவே லிஃப்டை முழுக்கப் பழைய வீலிலேயே முடித்து, கடைசியில் புதிய வீலுக்குப் போங்கள்.

பின்பக்கம்

எளிதான பக்கத்தில் தொடங்கினால் கை பழகும். முன் வீல்களுக்குக் கட்டை கொடுத்து, பின் வீல் நட்டுகளைத் தளர்த்தி, வண்டியைத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டைச் சேஸியின் அடியில் வையுங்கள். ஆக்சிலுக்கு அடியில் அல்ல. ஆக்சில் இறங்கத்தானே போகிறது. ட்ராலி ஜாக்கியை டிஃபரன்ஷியலின் கீழே லேசாக முட்டுக் கொடுத்து வையுங்கள்.

வீல்களைக் கழற்றி, ஷாக்கின் கீழ் போல்ட் இரண்டையும், பனார்ட் ராடின் ஒரு முனையையும் எடுங்கள். ஏ.பி.எஸ். வயர், பிரேக் ஹோஸ், டிஃபரன்ஷியலின் சுவாசக் குழாய், கைபிரேக் கேபிள் நான்கையும் கண்ணால் பின்தொடருங்கள். எங்கே கிளிப் பிடித்திருக்கிறதோ அங்கே கழற்றி விடுங்கள். இப்போது ஜாக்கியை மெல்ல இறக்குங்கள். இறக்கும்போது ஒருவர் பிரேக் ஹோஸை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஹோஸ் நேராக நிமிர்ந்து இறுகத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். உள்ளே நார் அறுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது; சில மாதம் கழித்துப் பிரேக் மிதிக்கும்போது ஹோஸ் உப்பும்.

பழைய ஸ்பிரிங் கையாலேயே வெளியே வரும். மேலே இருக்கும் ரப்பர் சீட்டைத் துடைத்துப் புதிய ஸ்பிரிங்குக்கு மாற்றுங்கள். ஸ்பிரிங்கின் கீழ்முனை கம்பி, கிண்ணத்தில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். ஒரு விரல் அளவு விலகி நின்றாலும் 5 முதல் 10 மி.மீ. உயர வித்தியாசம் வரும். ஓட ஓட அது தானாகப் படியில் விழும்போது ‘டக்’ என்ற சத்தம் வந்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். புதிய ஸ்பிரிங் நுழையவில்லை என்றால் எதிர்ப்பக்கத்தை ஜாக்கியால் சற்று உயர்த்தினால் இந்தப் பக்கம் இன்னும் இறங்கும். அப்போதும் நுழையாவிட்டால் ஸ்பிரிங் கம்ப்ரெஸர் பயன்படுத்துங்கள். கடப்பாரையால் நெம்பித் திணிக்க வேண்டாம். நழுவினால் முகத்துக்கு நேரே வரும்.

கிட்டில் இடது, வலது என்று தனித்தனியே குறித்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஓட்டுநர் அமரும் பக்கத்துக்குச் சற்று நீளமாகத் தருவார்கள். நம் நாட்டில் அது வலதுபுறம். இடப்புற ஓட்டுநர் நாட்டுக்கான கிட்டாக இருந்தால் மாற்றிப் போட வேண்டும்.

பம்ப் ஸ்டாப் நீட்டிப்பைப் பொருத்தி, புதிய ஷாக்கை மாட்டி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் இறுக்குங்கள். கையால் மட்டும் ஏன் என்பது கீழே வருகிறது.

முன்பக்கம்

முறை அதே, இணைப்புகள் அதிகம். ஸ்டெபிலைசர் பாரின் லிங்க், பனார்ட் ராடு, ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் உதறலை அடக்கும் ஷாக்), பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஏ.பி.எஸ். வயர் எல்லாவற்றையும் விடுவித்த பிறகே ஆக்சிலை இறக்க வேண்டும்.

காஸ்டர் புஷ் மாற்றுவது முன்பக்கத்தில் நேரம் பிடிக்கும் வேலை, தவிர்க்கக் கூடாத வேலையும்கூட. உடல் மேலே போனதும் ரேடியஸ் ஆர்மின் பின் முனை உயர்கிறது. ஆக்சில் முன்னோக்கிச் சுழல்கிறது. வீல் திரும்பும் அச்சான கிங்பின்னின் மேல்முனை முன்னே சாய்ந்து காஸ்டர் குறைகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க்கை நிமிர்த்தி வைத்தால் கையை விட்டு ஓட்ட முடியாதல்லவா, அதேதான். காஸ்டர் குறைந்த வண்டியில் வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. 80 கி.மீ. வேகத்தில் நேர்ச்சாலையில் இப்படியும் அப்படியும் அலையும்.

ஆர்மைக் கழற்றி ஆக்சில் பக்கத்துப் பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் வெளியே தள்ள வேண்டும். அதற்கு லேத் பட்டறையின் ஹைட்ராலிக் பிரஸ்தான் சரி. சுத்தியலால் அடித்தால் ஆர்மின் வளையம் முட்டை வடிவமாகும். புதிய புஷ்ஷின் துளை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். எந்தத் திசையில் தள்ளி உட்கார வேண்டும் என்று புஷ்ஷில் அம்புக்குறியோ கோடோ இருக்கும். ஒரு ஆர்மில் இரண்டு புஷ், இரண்டும் எதிரெதிர்த் திசை. திருப்பிப் போட்டால் காஸ்டர் கூடுவதற்குப் பதிலாக இன்னும் குறையும், சரிசெய்ய மறுபடியும் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். அழுத்தும் முன் சாக்பீஸால் ஆர்மில் கோடு போட்டு, இரண்டு பேரும் தனித்தனியே சரிபாருங்கள்.

காஸ்டரை அளவுக்கு மீறியும் திருத்தக் கூடாது. கிங்பின் பின்னே சாயும்போது டிஃபரன்ஷியலின் மூக்கும் கீழே சாய்கிறது. முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இணைப்புக் கோணம் கூடுகிறது. 4எச்-இல் ஓட்டும்போது அதிர்வு வந்தால் காரணம் அங்கே. லிஃப்டுக்கு முந்தைய அளவுக்குத் திரும்பினால் போதும், அதற்கு மேல் ஆசை வேண்டாம்.

இறுக்குவது எப்போது

வீல்கள் அந்தரத்தில் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்கினால், ரப்பர் அந்தத் தொங்கும் கோணத்தில் பூட்டிக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சவாரி கெட்டியாகும், உயரம் பொய்யாகக் கூடித் தெரியும், சில ஆயிரம் கி.மீ.-இல் புஷ் கிழியும். ‘லிஃப்ட் பண்ணினதிலிருந்து கிரீச் சத்தம்’ என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

எனவே எல்லாவற்றையும் கையால் மாட்டி, வீலைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, நான்கு மூலையிலும் அமுக்கி ஆட்டிவிட்டு, அதன் பிறகே ரேடியஸ் ஆர்ம், பனார்ட் ராடு, ஷாக் கீழ் போல்ட்டுகளைச் சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள். வீல் நட் 100 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில்.

பிரேக் ஹோஸ் மாற்றியிருந்தால் மூடியில் எழுதியுள்ள வகை பிரேக் ஆயிலால் நான்கு வீலிலும் காற்று எடுக்க வேண்டும். மிதி ஸ்பாஞ்சு போல இருந்தால் வண்டி பட்டறையை விட்டு வெளியே போகக் கூடாது.

நடுவுக்குக் கொண்டுவருதல்

பனார்ட் ராடு ஒரு முனை சேஸியிலும் மறுமுனை ஆக்சிலிலும் சாய்வாக இருக்கும். உடல் உயர்ந்தால் சாய்வு கூடும், கிடைநீளம் குறையும், ஆக்சில் சேஸி முனை இருக்கும் பக்கம் இழுபடும். தூக்குக்குண்டை மறுபடி தொங்கவிட்டு அளந்து, பழைய அளவோடு ஒப்பிடுங்கள். முன்பு இருபுறமும் சமமாக இருந்து, இப்போது இடப்புறம் 62, வலப்புறம் 76 என்று வந்தால், வித்தியாசம் 14. ஆக்சில் 7 மி.மீ. இடப்புறம் நகர்ந்திருக்கிறது. நீளம் மாற்றக்கூடிய ராடு என்றால் அந்த 7-ஐத் திருத்தி லாக் நட்டை இறுக்கலாம்.

அடுத்து டிராக் லிங்க், அதாவது ஸ்டீயரிங் பெட்டியின் அசைவை வீலுக்குக் கொண்டுபோகும் தண்டு. அதன் சாய்வும் கூடியிருப்பதால் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கும். டிராக் லிங்கின் நீளத்தை மாற்றித்தான் நேராக்க வேண்டும். ஸ்டீயரிங் வீலைக் கழற்றி வேறு பல்லில் மாட்டுவது தவறான வழி. ஸ்டீயரிங் கோண சென்சார் குழம்பி, இ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரியும், நேர்ச்சாலையிலேயே பிரேக் தானாகப் பிடிக்கலாம். டிராக் லிங்கும் முன் பனார்ட் ராடும் முன்னாலிருந்து பார்த்தால் இணையாக இருக்க வேண்டும். ஒன்றின் சாய்வை மட்டும் பிராக்கெட் போட்டுக் குறைத்தால், மேடுபள்ளத்தில் கை அசைக்காமலே வண்டி திரும்பும்.

பிறகு அலைன்மென்ட். முழு ஆக்சிலில் கடைக்காரர் நேரடியாகத் திருத்தக்கூடியது டோ மட்டுமே. காஸ்டரைப் படித்து முந்தைய தாளோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

சாக்பீஸ் சோதனை

புதிய வீலை மாட்டியதும் நேரே காட்டுக்குப் போக வேண்டாம். டயரின் உள் தோளிலும் வெளித் தோளிலும் சாக்பீஸைத் தாராளமாகப் பூசுங்கள். ஒரு முன் வீலையும் அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் உள்ள பின் வீலையும் உறுதியான மேட்டில் ஏற்றி, வண்டி குறுக்காக முறுக்கி நிற்கட்டும். ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லத் திருப்புங்கள். இன்ஜினை அணைத்து, கைபிரேக் போட்டு, கட்டை கொடுத்துவிட்டு டார்ச்சோடு குனிந்து பாருங்கள். எங்கே வெள்ளைத் தடம் இருக்கிறதோ அங்கே உரசல். எதிர்மூலைகளை மாற்றி மறுபடி செய்யுங்கள்.

தடம் வழக்கமாக மூன்று இடத்தில் இருக்கும். முன் பம்பரின் கீழ் உள்மூலை: பிளாஸ்டிக்கை வெட்டித் தீர்க்கலாம். மட்கார்டு உள்ளுறையின் பின்பகுதி: ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி உள்ளே தள்ளினால் சில மில்லிமீட்டர் கிடைக்கும். ரேடியஸ் ஆர்ம்: ஸ்டாப்பர் போல்ட். ஆர்மை ஒருபோதும் தேய்த்துக் குறைக்காதீர்கள்.

வீல் தொங்கும் பக்கத்தையும் பாருங்கள். கீழிறங்குவதை முதலில் தடுப்பது ஷாக்காக இருக்க வேண்டும். பிரேக் ஹோஸோ, ஏ.பி.எஸ். வயரோ, சுவாசக் குழாயோ முந்தினால் அது கட்டாயம் அறும். ஸ்பிரிங் சீட்டை விட்டுத் தளர்ந்து ஆடினால் ஷாக் தேவைக்கு மேல் நீளம் என்று பொருள்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். பின்கதவில் 29 இஞ்ச் வீல் மாட்டிக் கதவைத் திறந்து மூடுங்கள்; பம்பரில் தட்டுகிறதா, நம்பர் பிளேட் மறைகிறதா என்று பாருங்கள். கூடிய எடை முழுவதும் கதவின் கீல்களில் தொங்குகிறது. சில மாதத்துக்கு ஒருமுறை கீல் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள்.

ஹெட்லைட்டையும் அன்றே சரிசெய்யுங்கள். முன்பக்கம் பின்னைவிட 10 மி.மீ. கூடுதலாக உயர்ந்திருந்தால்கூட, 2590 வீல்பேஸில் 50 மீட்டர் தூரத்தில் ஒளி ஏறத்தாழ 19 செ.மீ. மேலே போகும். எதிரே இருசக்கர வண்டியில் வருபவரின் கண்ணில் அது விழும்.

ஓட்டும்போது மாறுபவை

விட்டம் 5.8 சதவீதம் கூடியிருக்கிறது. அதே இன்ஜின் சுற்றுக்கு வண்டி முன்பைவிட அவ்வளவு வேகமாக ஓடும். ஸ்பீடோமீட்டர் முள் அதை அறியாது. ஓடோமீட்டர் 10,000 காட்டும்போது உண்மையில் 10,580 கி.மீ. ஓடியிருக்கும். ஆயில் மாற்றும் கணக்கிலும் மைலேஜ் கணக்கிலும் இதைச் சேருங்கள். மேனுவல் வண்டியின் 4.090 இறுதிக் கியர் விகிதம் செயலளவில் 3.87 போல ஆகிறது. மேட்டில் ஒரு கியர் முன்னதாகவே குறைக்க வேண்டிவரும். இறக்கத்தில் இன்ஜின் பிடிமானமும் அதே அளவு குறையும். ஊட்டி, ஏற்காடு போன்ற கொண்டை ஊசி இறக்கங்களில் பழக்கமான கியருக்கு ஒன்று கீழே வைத்து இறங்குங்கள். டயர் எடையும் கூடியதால் பிரேக்குக்கும் வேலை அதிகம்.

60, 70 கி.மீ. வேகத்தில் ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டீயரிங் கை தாங்காமல் உதறத் தொடங்கி, வேகம் குறைத்தால் மட்டுமே நிற்கும் கோளாறு முழு ஆக்சில் வண்டிகளுக்கே உரியது. கனமான டயர் போட்டதும் ஒளிந்திருந்த தேய்மானம் வெளியே வருகிறது. உடனே பெரிய ஸ்டீயரிங் டேம்பர் வாங்கிப் போடுவது நோயை மூடி மறைப்பது. தேட வேண்டிய வரிசை: வீல் பாலன்ஸும் டயரின் வட்டமும், பனார்ட் ராடு புஷ்ஷும் போல்ட் துளையும், டை ராடு முனைகள், வீல் பேரிங், கிங்பின் பேரிங்கின் இறுக்கம். பனார்ட் ராடைச் சோதிக்க இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடம் வலமாக வேகமாக ஆட்ட, மற்றவர் ராடின் இரு முனையிலும் விரல் வைத்துப் பார்க்கட்டும். போல்ட் துளைக்குள் அசைவது விரலில் ‘டிக் டிக்’ என்று தெரியும். கிங்பின்னில் ஆட்டம் இருந்தால் ஷிம் தகட்டின் கனத்தைக் குறைத்து இறுக்கம் கொண்டுவர வேண்டும். டேம்பர் கடைசி.

முதல் 100 கி.மீ.-இல் வீல் நட்டையும், 500-இல் கழற்றிய எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச்சால் மறுபடி பாருங்கள். இறுக்கியதும் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை குனிந்து பார்த்தாலே தளர்ந்தது எது என்று தெரிந்துவிடும். புதிய ஸ்பிரிங் முதல் ஆயிரம் கி.மீ.-க்குள் 5 முதல் 10 மி.மீ. உட்காரும். அதன் பிறகு ஹப்பிலிருந்து மட்கார்டு வரை மறுபடி அளந்து, அலைன்மென்டையும் ஹெட்லைட்டையும் இன்னொரு முறை சரிசெய்யுங்கள்.